ஒன்றுக்கு மேலும் கீழும்: கொழும்பும் கொள்ளைநோய்க் கணிதமும்

கொள்ளைநோய்கள் பலவற்றுக்குப் பொதுவான வடிவம் ஒன்று உண்டு. வாராந்த நோயாளர் தொகையை வரைபில் குறித்தால், கோடு முதலில் மெதுவாக எழும்; பிறகு செங்குத்தாக ஏறும்; உச்சத்தைத் தொட்டபின் இறங்கிவிடும். ஏறுவதற்கான காரணம் எளிது. ஒருவரிடமிருந்து இருவருக்கும் இருவரிடமிருந்து நால்வருக்கும் தொற்று பெருகுகிறது. இறங்குவதற்குத்தான் விளக்கம் தேவைப்பட்டது. நோய் தொடாத மக்கள் ஊரில் ஏராளமாக இருக்கும்போதே அது ஏன் தணிகிறது? நாள் செல்லச் செல்லக் கிருமி வீரியம் இழக்கிறது என்று முன்னைய ஆய்வாளர் சிலர் கருதினர். இதைவிடத் தெளிவான விடையைக் கணிதம் தந்தது. அந்தக் கணிதத்தை உரசிப் பார்க்கப் பயன்பட்ட தரவு பம்பாயிலிருந்து வந்தது.

பம்பாயின் வளைவு

1896இல் பம்பாயில் பிளேக் புகுந்தது. அதன்பின் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஏறி, வெயில் முற்றியதும் இறங்கியது. 1905 டிசம்பர் 17 முதல் 1906 ஜூலை 21 வரை அந்நகரில் வாராவாரம் பதிவான பிளேக் மரணங்களின் பட்டியல், பின்னர் உலகின் மிகப் புகழ்பெற்ற தொற்றுநோய்த் தரவுகளில் ஒன்றாயிற்று. 1927இல் எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம் கெர்மக்கும் ஆண்டர்சன் மக்கெண்ட்ரிக்கும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அந்தத் தரவின்மீது ஒரு வளைவைப் பொருத்திக் காட்டியது. வளைவின் உச்சம் ஏறத்தாழ பதினேழாவது வாரத்தில், வாரத்திற்கு சுமார் 890 மரணங்கள் என்ற அளவில் அமைந்தது. பதிவான புள்ளிகள் வளைவை ஒட்டியே விழுந்தன.

இருவரில் மக்கெண்ட்ரிக் இந்திய மருத்துவச் சேவையில் நெடுங்காலம் பணியாற்றியவர். கசௌலியிலிருந்த பாஸ்டர் நிறுவனத்தின் பணிப்பாளராகவும் இருந்தவர். கெர்மக் ஒரு வேதியியலாளர். 1924இல் ஆய்வுகூட விபத்தொன்றில் பார்வையை இழந்தபின்னும் கணக்குகளை மனத்திலேயே நடத்தி ஆய்வைத் தொடர்ந்தார்.

எண்களை மட்டும் வைத்துக்கொண்டு மக்கெண்ட்ரிக் எவ்வளவு தூரம் செல்லக்கூடியவர் என்பதை 1926இல் அவர் வெளியிட்ட இன்னொரு கணக்கு காட்டுகிறது. இந்தியக் கிராமமொன்றில் வாந்திபேதி பரவியது. மொத்தம் 223 வீடுகள். 168 வீடுகளில் நோயாளர் எவரும் இல்லை. 32 வீடுகளில் ஒருவர். 16 வீடுகளில் இருவர். 6 வீடுகளில் மூவர். ஒரு வீட்டில் நால்வர். ஊர் முழுவதும் ஒரேயளவு ஆபத்தில் இருந்திருந்தால் நோய் இப்படிச் சில வீடுகளில் மாத்திரம் திரண்டிருக்காது. அப்படியானால் நோயற்ற 168 வீடுகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல: சில வீடுகளுக்கு ஆபத்தே இருக்கவில்லை, மற்றவை ஆபத்துக்குள் இருந்தும் தப்பியவை. நோயாளர் இருந்த வீடுகளின் பரம்பலிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்ட அவர், ஆபத்துக்கு உட்பட்டவை ஏறத்தாழ 93 வீடுகள்தான் என்று கண்டார். அந்த 93 வீட்டாரும் மாசடைந்த ஒரே கிணற்றின் நீரைக் குடித்திருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். கண்ணுக்குப் புலப்படாத ஒரு பிரிவினையை ஐந்து எண்களைக் கொண்டே அவர் வரைந்துவிட்டார்.

1927ஆம் ஆண்டுக் கட்டுரையின் அடிப்படையும் இதேபோன்று சிக்கனமானது. மக்கள் மூன்று கூட்டமாகப் பிரிக்கப்படுகின்றனர். இன்னும் நோய் காணாதவர்கள் தொற்றக்கூடியோர். நோயைப் பிறருக்குக் கடத்தும் நிலையில் இருப்பவர்கள் தொற்றியோர். குணமடைந்து எதிர்ப்புச் சக்தி பெற்றவர்களும் இறந்தவர்களும் விலகியோர். முதற் கூட்டமும் இரண்டாவது கூட்டமும் சந்திக்கும்போது புதுத் தொற்று உண்டாகிறது. இரண்டாவது கூட்டத்திலிருந்து ஒரு குறித்த வீதத்தில் ஆட்கள் மூன்றாவதற்குச் செல்கின்றனர்.

இவ்விரு ஓட்டங்களில் எது பெரியது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. எவருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில், ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றைக் கடத்துகிறார் என்பதே அடிப்படைப் பெருக்க எண். அது ஒன்றுக்கு மேல் இருந்தால் நோய் பெருகும். ஒன்றுக்குக் கீழ் இருந்தால் தானாக அணையும். பெருக்க எண் 2 என்று வைத்துக்கொண்டால், ஊரில் பாதிப்பேருக்கு நோய் வந்து விலகிய கணத்தில், ஒரு நோயாளியின் இரு தொடர்புகளில் ஒன்று ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி பெற்றவரிடம் வீணாகிறது. அவர் கடத்துவது அப்போது ஒருவருக்கு மட்டுமே. வளைவு உச்சம் தொட்டு இறங்குவது அந்த இடத்தில்தான். கிருமி பலவீனம் அடைந்திருக்க வேண்டிய தேவை இல்லை. அதற்கு எட்டும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள், அவ்வளவே.

மூன்று கூட்டங்களைக் கொண்ட இந்தக் கணித மாதிரி இன்னொன்றையும் சொல்கிறது. பெருக்க எண் 2 ஆக இருக்கும் ஊரில் நோய் ஓயும்போது நூற்றுக்கு 80 பேரைத் தொட்டிருக்கும். 1.5 ஆக இருந்தால் 58 பேர், 1.1 ஆக இருந்தால் 18 பேர் மட்டுமே. எண்ணை 2இலிருந்து 1.1க்கு இறக்குவது ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதுதான். ஆனால் பாதிக்கப்படுவோர் நான்கில் ஒரு பங்குக்கு அருகே வந்துவிடுகின்றனர். ஒன்று என்ற எல்லையை நெருங்கும்போது சிறு மாற்றமும் பெரும் பலன் தரும்.

கொழும்பின் தெள்ளு

பம்பாயைப் பிளேக் ஆண்டுக்கணக்கில் வாட்டியது. இந்தியா முழுவதிலும் உயிரிழந்தோர் தொகை ஒரு கோடியைத் தாண்டியது. சென்னை நகரமோ பெருமளவு தப்பியது. கொழும்பும் அப்படியே. 1914இல் புறக்கோட்டையிலும் அதைச் சுற்றியும் பிளேக் வெளிப்பட்டபோது, பம்பாயின் கதை இங்கும் நிகழும் என்ற அச்சம் நியாயமானதே. கொழும்பும் துறைமுக நகரம். இங்கும் எலிகள் நிறைந்திருந்தன. மக்கள் நெருக்கமாக வாழ்ந்தனர். பிளேக் கொழும்பில் பல ஆண்டுகள் தங்கியது, உயிர்களையும் பறித்தது. எனினும் பம்பாயின் அளவுக்கு ஒருபோதும் ஏறவில்லை.

காரணத்தை எலியில் அல்லாமல் எலியின் மேலிருந்த தெள்ளில் தேடியவர் கொழும்பு மாநகர நுண்ணுயிரியல் ஆய்வாளர் பேபியன் ஹர்ஸ்ட். கொழும்பு எலிகளிடமிருந்து பிடிக்கப்பட்ட தெள்ளுகளை நுணுக்குக்காட்டியில் வைத்து இனம் பிரித்தபோது, அவற்றில் மிகப் பெரும்பாலானவை பம்பாயில் நோயைப் பரப்பிய செனோப்சில்லா கியோப்பிஸ் அல்ல, அதன் நெருங்கிய உறவான செனோப்சில்லா அஸ்தியா என்று தெரிந்தது. இரண்டும் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். நோயைக் கடத்தும் திறனில் வேறுபாடு பெரிது. கியோப்பிஸ் தெள்ளின் உணவுக்குழலில் பிளேக் கிருமி பெருகி அடைப்பை உண்டாக்குகிறது. பசியால் மீண்டும் மீண்டும் கடிக்கும் அத்தெள்ளு, உறிஞ்சும் குருதியைக் கிருமியோடு சேர்த்துக் கடிவாயிலேயே கக்குகிறது. அஸ்தியாவிடம் இந்தக் கடத்தல் அவ்வளவு எளிதில் நடப்பதில்லை, வெப்பமான நாட்களில் இன்னும் குறைவு. வெளியூர்த் தானியத்தோடு வந்திறங்கிய கியோப்பிஸ், களஞ்சியங்கள் மிகுந்த பகுதியில் மட்டுமே நன்கு வேரூன்றியிருந்தது. பிளேக் சுற்றிச் சுற்றி நின்றதும் அப்பகுதியில்தான்.

இதைப் பெருக்க எண்ணின் மொழியில் சொல்லிவிடலாம். கிருமியும் எலியும் ஒன்றே. காவியின், அதாவது நோயைக் கொண்டுசெல்லும் தெள்ளின், கடத்தும் திறன் என்ற ஒரு காரணி மட்டும் மாறியது. அந்த ஒரு மாற்றமே ஒரு நகரில் எண்ணை ஒன்றுக்கு மேலே தூக்கியது, இன்னொரு நகரில் ஒன்றை ஒட்டியே வைத்தது. பெருக்க எண் ஒரு கிருமிக்கு உரிய நிலையான குணம் அன்று; கிருமியும் காவியும் மனிதரும் இடமும் சேர்ந்து உருவாக்கும் எண்.

நுளம்பின் ஆயுள்

காவி வழியாகப் பரவும் நோய்க்கு இந்த எண்ணைக் கணக்கிடும் முறையைத் தொடக்கிவைத்தவர் ரொனால்ட் ரோஸ். 1897 ஆகஸ்ட் 20இல் செகந்திராபாத்தில், நோயாளியைக் கடித்த அனோபிலிஸ் நுளம்பின் இரைப்பையில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டவர் அவர். 1902இல் நோபல் பரிசு பெற்றார். மலேரியாவை ஒழிக்க ஒவ்வொரு நுளம்பையும் கொல்ல வேண்டியதில்லை, ஓர் எல்லைக்குக் கீழே அவற்றைக் குறைத்தாலே போதும் என்று அவர் வாதிட்டார். பலர் நம்பவில்லை. 1907–08இல் மொரீஷியஸ் தீவில் நடத்திய ஆய்வை ஒட்டி அந்த எல்லையைக் கணித வடிவில் எழுதினார். 1950களில் ஜோர்ஜ் மக்டொனால்ட் அக்கணிதத்தை விரித்தார். இன்று இருவர் பெயராலும் வழங்கும் அந்த மாதிரியே மலேரியா, டெங்கு போன்ற நோய்களின் கணக்குக்கு அடித்தளம்.

மாதிரியில் உள்ள காரணிகள் இவை: ஒரு மனிதருக்கு எத்தனை நுளம்புகள், ஒரு நுளம்பு நாளொன்றுக்கு எத்தனை தடவை மனிதரைக் கடிக்கிறது, ஒரு கடி தொற்றாக மாறும் வாய்ப்பு எவ்வளவு, நோயாளி எத்தனை நாள் தொற்றும் நிலையில் இருக்கிறார், நுளம்பு நாளுக்கு நாள் உயிர் பிழைக்கும் வாய்ப்பு என்ன, நுளம்பின் உடலில் கிருமி முதிர எத்தனை நாள் எடுக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை. நுளம்புகளின் தொகை பாதியானால் பெருக்க எண்ணும் பாதியாகும். கடிக்கும் தடவை பாதியானால் எண் நான்கில் ஒன்றாகும். ஒரு நுளம்பு நோயைக் கடத்த இரு தடவை கடிக்க வேண்டும்: கிருமியை ஏற்க ஒருமுறை, கொடுக்க ஒருமுறை. ஆகவே அக்காரணி இருமுறை பெருக்கப்படுகிறது.

ஆயுளின் எடை இன்னும் கூடியது. கிருமி நுளம்பினுள் முதிர 10 நாள் ஆகிறது என்று கொள்ளலாம். நாள்தோறும் நூற்றுக்கு 90 நுளம்புகள் பிழைக்குமானால், 10 நாள் கடந்தும் உயிரோடு இருப்பவை 35. அதன்பின் சராசரியாக ஒன்பதரை நாள் அவை வாழும். நாளாந்தப் பிழைப்பு 80 ஆகக் குறைந்தால், 10 நாள் கடப்பவை 11 மட்டுமே; அவற்றின் எஞ்சிய ஆயுளும் நான்கரை நாள்தான். நாளாந்தப் பிழைப்பில் ஒன்பதில் ஒரு பங்கு குறைந்ததற்கு, பெருக்க எண் ஏழில் ஒன்றாகச் சரிகிறது. வீட்டுச் சுவரில் பூச்சிகொல்லி பூசும் முறை மலேரியாவை வென்றதன் இரகசியம் இதுதான். கடித்துவிட்டுச் சுவரில் இளைப்பாறும் முதிர்ந்த நுளம்பை அது கொல்கிறது. நோயைக் கடத்துவதும் முதிர்ந்த நுளம்பே.

எல்லையைத் தாண்டிய ஆண்டு

காரணிகளில் ஒன்று திடீரென மாறினால் என்ன நிகழும் என்பதற்கு 1934–35இன் இலங்கை சாட்சி. தீவின் ஈரவலயத்தில் ஆறுகள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்ததால், மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் நுளம்பின் குடம்பிகள் நிலைக்க முடியவில்லை. அங்கு பெருக்க எண் பெரும்பாலும் ஒன்றுக்குக் கீழேயே இருந்தது. அதன் விளைவாக அங்குள்ள மக்களிடம் எதிர்ப்புச் சக்தியும் குறைவு. 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. மகா ஓயாவும் தெதுரு ஓயாவும் வற்றி, வெயில் படும் குட்டைகளின் தொடராயின. அவை அந்நுளம்புக்கு மிக உகந்த இடங்கள். நுளம்புகள் பன்மடங்கு பெருகின. எண் ஒன்றைத் தாண்டியது. முழுச் சமூகமும் தொற்றக்கூடிய நிலையில் இருந்தது. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் பேரிழப்பைச் சந்தித்தன. இக்கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் மாண்டனர்.

1946இல் தொடங்கிய டிடிடி தெளிப்பு, நோயாளர் தொகையை 1963இல் வெறும் 17 ஆக இறக்கியது. தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்ததும் நுளம்பின் ஆயுள் மீண்டும் நீண்டது. எதிர்ப்புச் சக்தியற்ற புதிய தலைமுறையும் வளர்ந்திருந்தது. 1969இல் நோயாளர் ஐந்து இலட்சத்தைத் தாண்டினர். பல பத்தாண்டு உழைப்பின் பின்னர், உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

டெங்கு நகரம்

1934இன் மலேரியா கொழும்பை அதிகம் தொடவில்லை. டெங்கு அப்படியன்று, அது நகரத்தின் நோய். அதன் முதன்மைக் காவியான ஏடிஸ் எகிப்தி நுளம்பு, மனிதர் தேக்கிய நீரில் முட்டையிட்டு, மனிதர் வாழும் அறைக்குள் தங்கி, மனிதக் குருதியையே விரும்பிக் குடிப்பது. கொழும்பு மாநகர எல்லை ஏறத்தாழ 37 சதுரக் கிலோமீற்றர். 2012இன் கணக்கெடுப்பின்படி அதற்குள் சுமார் 561,000 பேர் வாழ்ந்தனர். சதுரக் கிலோமீற்றருக்கு 15,000 பேர் என்ற இந்நெருக்கம் நுளம்புக்குச் சாதகமானது. அது பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீற்றருக்கு அப்பால் செல்வதில்லை. கொழும்பில் அந்தத் தூரத்துக்குள்ளேயே நூற்றுக்கணக்கான மனிதர் கிடைத்துவிடுகின்றனர்.

பெருகும் இடங்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் பழைய தனி வீடுகள் இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழுந்துள்ளன. கட்டுமானம் நடக்கும் மாதங்களில் கொங்கிரீட் தளத்தின் பள்ளங்களிலும் மின்தூக்கிக்காகத் தோண்டிய குழியிலும் மழைநீர் தேங்கும். குடியேறிய பின்னர் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி, குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீர், பூச்சாடித் தட்டு, பூட்டிக் கிடக்கும் வீட்டின் மலசலகூடத் தொட்டி ஆகியவை அந்த இடத்தைப் பிடிக்கின்றன. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் வீட்டினுள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எளிதில் நுழைய முடிவதில்லை. கொட்டாஞ்சேனையின் நெருங்கிய தோட்டக் குடியிருப்புகளில் நிலைமை வேறு. குழாய்நீரைச் சேமிக்கும் பீப்பாக்கள், கூரைப் பீலியில் அடைந்த சருகு, முற்றத்துப் பழைய டயர், சிரட்டை, வீசப்பட்ட தயிர்ச்சட்டி ஆகியவற்றில் குடம்பிகள் வளரும். வெள்ளவத்தைக் கால்வாயின் அழுக்குநீரில் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் இன நுளம்பு. அது டெங்குக் காவி அல்ல. கால்வாயைக் குறைகூறும் ஒரு வீட்டின் பூச்சாடியிலேயே டெங்குக் காவி வளர்ந்துகொண்டிருக்கலாம்.

இலங்கையில் டெங்குத் தொற்று 1960களிலேயே ஆய்வுகூடத்தில் உறுதியானது. குருதிப்பெருக்குடன் கூடிய கடும் வடிவம் 1989 முதல் கொள்ளைநோயாயிற்று. பதிவாகும் நோயாளர் உண்மையான தொற்றின் ஒரு பகுதி மட்டுமே. கொழும்பில் சுமார் 800 சிறுவரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வு இதைத் துலக்கியது. ஆய்வின் தொடக்கத்திலேயே 53 வீதமானோரின் குருதியில் முன்னைய டெங்குத் தொற்றின் சுவடு இருந்தது. வயது ஏற ஏற இவ்விகிதமும் ஏறிய வேகத்திலிருந்து, தொற்று காணாத நூறு சிறுவரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 பேருக்குத் தொற்று ஏற்படுவதாகக் கணிக்கப்பட்டது. இக்கணக்கின்படி பிறந்த நூறு குழந்தைகளில் ஐந்து வயதில் தொற்று காணாதவர் 47 பேர். பத்து வயதில் 22 பேர். மருத்துவமனையின் பதிவேட்டை மட்டும் பார்ப்பவருக்கு இந்த எண்கள் தெரியவே தெரியா. பெரும்பாலான தொற்று, காய்ச்சலே இன்றியோ இலேசான காய்ச்சலுடனோ கடந்து போகிறது.

2017இன் பேரலை

அப்படியானால் நகரம் விரைவில் எதிர்ப்புச் சக்தியால் நிறைந்து, நோய் அடங்கிவிட வேண்டாமா? டெங்கு வைரஸில் நான்கு வகைகள் இருப்பதே இதற்குத் தடை. ஒரு வகையின் தொற்று அவ்வகைக்கு மாத்திரம் நெடுங்காலப் பாதுகாப்பைத் தருகிறது. மற்ற மூன்றுக்கும் எதிரான பாதுகாப்பு சில மாதங்களில் தேய்ந்துவிடும். இரண்டாவது முறை வேறு வகை தொற்றும்போது நோய் கடுமையாகும் ஆபத்தும் கூடுகிறது. ஆகவே டெங்கு மாதிரியில் மூன்று கூட்டங்கள் போதா. ஒவ்வொரு வகைக்கும் தொற்றக்கூடியோரைத் தனித்தனியே எண்ண வேண்டும்.

2009 முதல் சில ஆண்டுகள் கொழும்பில் முதலாம் வகையே மேலோங்கியிருந்தது. 2016இல் இரண்டாம் வகை தலைதூக்கியது. முதலாம் வகையைக் கண்டு தேறியவர்களும் இந்த வைரஸின் முன்னே மீண்டும் தொற்றக்கூடியோர் ஆயினர். 2017 ஏப்ரல் 14இல், புத்தாண்டு தினத்தன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளைப் புதைத்தது. அதையடுத்துக் கொழும்பின் குப்பை அகற்றல் குழம்பியது. வீதியோரங்களில் குவிந்த கழிவில் நீர் தேங்கியது. மே மாத இறுதியில் தென்மேல் பருவமழை பெருவெள்ளமாகப் பொழிந்தது. ஜூலையில் நோய் உச்சத்தை எட்டியது. 2016இல் சுமார் 55,000 ஆக இருந்த நோயாளர் தொகை, 2017இல் 186,101 ஆயிற்று; 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நோயாளர் மேல் மாகாணத்தினர். வைரஸின் மாற்றம் தொற்றக்கூடியோரைப் பெருக்கியது. குப்பையும் மழையும் நுளம்பைப் பெருக்கின. பெருக்க எண்ணின் இரு காரணிகள் ஒரே பருவத்தில் ஒருங்கே ஏறியதே அந்த ஆண்டின் பேரழிவு.

மழையிலிருந்து மருத்துவமனை வரை

கொழும்பில் டெங்கு ஆண்டுக்கு இருமுறை ஏறுவது வழக்கம்: தென்மேல் பருவத்தை ஒட்டி ஜூன், ஜூலையிலும், வடகீழ்ப் பருவத்தை ஒட்டி ஆண்டின் இறுதியிலும். மழைக்கும் நோய்க்கும் இடையிலான கால இடைவெளியே முன்னறிவிப்பின் திறவுகோல். களுத்துறை மாவட்டத் தரவை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு, வாரத்திற்கு 50 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் 6 முதல் 10 வாரங்களின் பின் டெங்கு கூடுவதைக் காட்டியது.

இந்த இடைவெளியை உயிரியலிலிருந்தே கட்டியெழுப்பலாம். காய்ந்த பாத்திரத்தின் சுவரில் மாதக்கணக்கில் ஒட்டிக் காத்திருக்கும் முட்டைகள் நீர் பட்டதும் பொரிக்கின்றன. முட்டை நுளம்பாக 8 நாள். அது நோயாளி ஒருவரைக் கடிக்க ஓரிரு நாள். நுளம்பினுள் வைரஸ் முதிர 10 நாள். கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர 6 நாள். அவர் மருத்துவமனையை அடைய 3 நாள். கூட்டினால் சுமார் நான்கு வாரம். ஆனால் முதற் சுற்றின் நோயாளர் சிலரே. பதிவேட்டில் ஏற்றம் தெரிய இன்னொரு சுற்றாவது வேண்டும். நுளம்பிலிருந்து மனிதர் வழியாக மீண்டும் நுளம்புக்கு என்ற அச்சுற்று இரண்டரை வாரத்திற்குக் குறையாது. ஆறு, ஏழு வாரம் என்ற எண் இவ்வாறு கிடைக்கிறது. தரவில் கண்ட இடைவெளியும் உயிரியல் தரும் இடைவெளியும் ஒத்துப்போவது, மாதிரி சரியான காரணங்களைப் பற்றியிருக்கிறது என்பதற்கு நல்ல சான்று. மாநகர சபைக்கு இதன் பயன் நேரடியானது: மழை பெய்த வாரமே பாத்திரங்களை அகற்றும் வேலையைத் தொடங்க வேண்டிய வாரம். மருத்துவமனைகள் நிரம்பியபின் தொடங்கும் துப்புரவு, ஒன்றரை மாதம் பிந்திய துப்புரவு.

மனிதரின் நடமாட்டம்

நுளம்பு இருநூறு மீற்றர் பறக்கும்போது வைரஸ் எவ்வாறு நகரைக் கடக்கிறது? மனிதரோடுதான். ஏடிஸ் பகலில் கடிப்பது. கொட்டாஞ்சேனையில் உறங்கி, வெள்ளவத்தையில் கடையொன்றில் வேலை செய்பவர், தொற்றை எந்த இடத்தில் பெற்றார் என்பதைப் பதிவேடு சொல்லாது. அதில் இருப்பது வீட்டு முகவரி. வட்டாரவாரியாக நோயாளரை எண்ணி வரையும் படம், நோய் பரவும் இடத்தைக் காட்டாமல் நோயாளர் உறங்கும் இடத்தைக் காட்டிவிடக்கூடும்.

இதனால் நடமாட்டத்தையும் மாதிரிக்குள் கொண்டுவரும் முயற்சிகள் எழுந்தன. பாகிஸ்தானில் 2013இன் டெங்குப் பரவலை ஆராய்ந்தவர்கள், சுமார் நான்கு கோடி கைபேசிச் சந்தாதாரரின் ஆள் அடையாளம் நீக்கிய தரவிலிருந்து நகரங்களுக்கிடையிலான போக்குவரத்தை மதிப்பிட்டு, நோய் எங்கே எப்போது சென்றடையும் என்று கணித்தனர். கொழும்பிலுள்ள லேர்ன் ஏசியா ஆய்வு நிறுவனமும் இலங்கைக் கைபேசித் தரவை டெங்குக் கணிப்புக்குப் பயன்படுத்தும் ஆய்வுகளை மேற்கொண்டது. 2020இல் கொவிட் முடக்கம் ஒரு பெரிய இயற்கைச் சோதனையாக அமைந்தது. 2019இல் 105,000ஐ எட்டிய டெங்கு நோயாளர், 2020இல் சுமார் 31,000 ஆகக் குறைந்தனர். நடமாட்டம் நின்றது ஒரு காரணம். ஆனால் மருத்துவமனைக்குச் செல்ல மக்கள் அஞ்சியதும் முந்தைய ஆண்டின் தொற்று விட்டுச்சென்ற எதிர்ப்புச் சக்தியும் இதே திசையில் இழுத்திருக்கும். மூன்றையும் பிரித்தறிய மாதிரி தேவை. எண்களின் வீழ்ச்சி மட்டும் போதாது.

எதைத் தொட்டால் எது மாறும்

கட்டுப்பாட்டு முறைகள் ஒவ்வொன்றும் பெருக்க எண்ணின் ஒரு காரணியைத் தொடுகின்றன. புகை விசிறல் பறக்கும் நுளம்பைக் கொல்கிறது. தொகை உடனே விழுகிறது. ஆனால் நீரில் உள்ள குடம்பிகளைப் புகை தொடாததால் சில நாட்களில் புதிய நுளம்புகள் வெளிவருகின்றன. அறைக்குள், அலுமாரிக்குப் பின்னால் இருக்கும் ஏடிஸைத் தெருவில் அடிக்கும் புகை சரிவர எட்டுவதும் இல்லை. தீவிரமாகப் பரவும் ஓர் ஒழுங்கையில் சில நாள் அவகாசம் பெறவே அது உதவும். நீர் தேங்கும் பாத்திரங்களை அகற்றுவது நுளம்பின் தொகையை நிலையாகக் குறைக்கிறது. எனினும் ஒரு கட்டடத்தில் பெரும்பாலான நுளம்புகளை ஓரிரு பெரிய தாங்கிகளே உற்பத்தி செய்வதுண்டு. சிறு பாத்திரங்கள் நூறை அகற்றி அந்தத் தாங்கியை விட்டுவிட்டால் பலன் சொற்பம். நோயாளியைக் காய்ச்சலின் முதல் நாட்களில் பகலிலும் வலைக்குள் படுக்கவைப்பது, கடி என்ற காரணியை, அதுவும் கிருமியை ஏற்கும் கடியை, நேரடியாகத் தடுக்கிறது. செலவு மிகக் குறைந்த வழிகளில் இது ஒன்று.

வொல்பாக்கியா என்ற பக்டீரியாவை ஏடிஸினுள் புகுத்தும் முறை வேறு காரணியைத் தொடுகிறது. நுளம்பு வாழும், கடிக்கும். அதன் உடலில் டெங்கு வைரஸ் எளிதில் பெருகாது. தாய் நுளம்பிலிருந்து அதன் சந்ததிக்கு இப்பக்டீரியா கடத்தப்படுவதால், விடுவிக்கப்பட்ட நுளம்புகள் சில மாதங்களில் உள்ளூர் நுளம்புக் கூட்டத்தையே மாற்றிவிடும். இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரில் நடந்து 2021இல் வெளியான சோதனை, டெங்கு 77 வீதம் குறைந்ததைக் காட்டியது. இலங்கையிலும் 2020 முதல் நுகேகொடையிலும் கொழும்பின் ஒரு பகுதியிலும் இத்தகைய நுளம்புகள் விடுவிக்கப்பட்டன. நூறு ஆண்டுகளுக்கு முன் அஸ்தியா தெள்ளு தற்செயலாகக் கொழும்புக்குச் செய்ததை, இங்கு மனிதர் திட்டமிட்டுச் செய்கின்றனர்: திறன் மிக்க காவியின் இடத்தில் திறன் குன்றிய காவியை வைக்கின்றனர்.

மாதிரியின் எல்லை

கெர்மக்கும் மக்கெண்ட்ரிக்கும் பொருத்திய பம்பாய் வளைவையே பின்வந்தோர் கேள்விக்கு உட்படுத்தினர். பிளேக் எலியினதும் தெள்ளினதும் நோய். அம்மாதிரியில் அவை வெளிப்படையாக இல்லை. பம்பாயில் நோய் இறங்கியதற்குத் தொற்றக்கூடியோர் குறைந்ததைவிட, கோடை வெப்பத்தில் தெள்ளு நலிந்ததே பெரிய காரணமாக இருந்திருக்கலாம். ஆண்டுதோறும் அதே மாதங்களில் நோய் ஏறி இறங்கியது அதையே சுட்டுகிறது. வளைவு பொருந்துவதால் மட்டும் காரணம் நிறுவப்படுவதில்லை. ஒரே வளைவைப் பல காரணங்கள் உண்டாக்க முடியும்.

டெங்கு மாதிரிகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். தனியார் மருந்தகங்களில் காய்ச்சலோடு வந்து தேறியோர் பலர் பதிவாவதில்லை. பதிவாகும் விகிதமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எந்த வைரஸ் வகை எப்போது மேலோங்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் வழி இன்னும் உறுதிப்படவில்லை. 53 வீதம், ஆண்டுக்கு 14 என்று கணித்த அதே சிறுவர் ஆய்வில், பின்தொடர்ந்த ஓராண்டில் நேராகக் காணப்பட்ட தொற்று நூற்றுக்கு ஏறத்தாழ 8 மட்டுமே. பல ஆண்டுச் சராசரி ஒரு குறித்த ஆண்டின் உண்மையாக இருக்க வேண்டியதில்லை.

எனவே அடுத்த ஜூலையில் கொழும்பில் எத்தனை நோயாளர் என்ற கேள்விக்கு மாதிரியின் விடை எப்போதும் அகன்ற இடைவெளியோடுதான் வரும். எந்தக் காரணியைத் தொட்டால் பெருக்க எண் அதிகம் இறங்கும், எந்த வாரத்தில் தொட வேண்டும், எந்தத் தரவு இல்லாததால் கணிப்பு தடுமாறுகிறது என்ற கேள்விகளுக்கு அதன் விடை இன்னும் உறுதியானது. வாராந்த நோயாளர் அறிக்கை, குடம்பிக் கணக்கெடுப்பு, மழைமானி, குருதி மாதிரிகளில் வைரஸ் வகை அறிதல் ஆகிய நான்கும் ஒரே இடத்தில், ஒரே வாரத்தில் சேரும்போது அவ்விடை மேலும் கூர்மை பெறும். அவை பிந்தினால், எவ்வளவு நுட்பமான சமன்பாடும் கடந்த மாதத்தின் நோயையே கணித்துக்கொண்டிருக்கும்.